கீமோ தொடங்கியதும் கிட்னி ஏன் திணறுகிறது? ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் மற்ற உறுப்புகளுக்கு நேர்வது

கீமோ தொடங்கி இரண்டாவது நாள். காலையில் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் மதியம் வருகிறது. வெள்ளை அணுக்கள் ஒரு லட்சத்திலிருந்து இருபதாயிரத்துக்கு இறங்கியிருக்கின்றன. வீட்டார் சந்தோஷப்படுவதற்குள் டாக்டர் அடுத்த வரிகளைக் காட்டுகிறார். பொட்டாசியம் ஏறியிருக்கிறது, யூரிக் அமிலம் ஏறியிருக்கிறது, கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் நேற்றைவிட இரண்டு மடங்கு. டயாலிசிஸ் தேவைப்படலாம் என்கிறார். “நேற்று வரைக்கும் கிட்னி நன்றாகத்தானே இருந்தது?” என்று அந்த இடத்தில் யாராக இருந்தாலும் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குள் இரண்டு பயம் ஒளிந்திருக்கிறது. நோய் கிட்னிக்கும் பரவிவிட்டதோ என்பது ஒன்று. மருந்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டார்களோ என்பது இன்னொன்று. பெரும்பாலான நேரம் இரண்டும் இல்லை. மருந்து வேலை செய்திருக்கிறது, உடம்பு தாங்கும் வேகத்தைவிட வேகமாகவே செய்திருக்கிறது. செத்த அணுக்களின் குப்பையை வெளியேற்றும் பொறுப்பு மொத்தமாகக் கிட்னியின் தலையில் விழுந்து, அது திணறுகிறது.

ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் உறுப்புகளுக்கு வரும் தொந்தரவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்படிக் காரணம் சொல்ல முடியும். எந்த மருந்து, ஏறக்குறைய எத்தனையாவது நாள், எந்த உறுப்பு என்று ஒரு காலண்டரே போடலாம். டாக்டர்கள் மனதில் அந்தக் காலண்டர் ஓடிக்கொண்டிருக்கும். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரிந்திருந்தால் பாதி பயம் குறையும், சில நேரம் ஆபத்தே முன்கூட்டித் தெரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வாரத்தில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். நோய் கண்டுபிடிக்கப்படும்போது உடம்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஓர் அணுவுக்குள் பொட்டாசியத்தின் அடர்த்தி வெளியே ரத்தத்தில் இருப்பதைவிட முப்பது மடங்குக்கும் மேல். பாஸ்பேட்டும் அணுவுக்குள்தான் அதிகம். அதிலும் லிம்போபிளாஸ்ட் எனும் புற்றணுவில், சாதாரண லிம்போசைட்டில் இருப்பதைப்போல நான்கு மடங்கு வரை இருக்கும். அணுக்கருவில் உள்ள டி.என்.ஏ. உடைந்தால் பியூரின்கள் வெளியே வரும், உடம்பு அவற்றை யூரிக் அமிலமாக மாற்றும். சாதாரண நாளிலும் உடம்பில் அணுக்கள் செத்துக்கொண்டுதான் இருக்கின்றன. கிட்னி அதைச் சத்தமில்லாமல் சமாளித்துவிடும். கீமோவில் கோடிக்கணக்கான அணுக்கள் ஓரிரு நாளில் சேர்ந்தாற்போல் உடைகின்றன. இதற்கு டியூமர் லைசிஸ் சிண்ட்ரோம் என்று பெயர். வார்டில் சுருக்கமாக டி.எல்.எஸ். என்பார்கள்.

வெளியே கொட்டும் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு விதமாகத் தொல்லை தருகிறது. யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாதது, கிட்னியின் நுண்குழாய்களில் படிகமாகி அடைத்துக்கொள்ளும். பாஸ்பேட் ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து அதுவும் கிட்னியில் படியும். கால்சியம் அங்கே செலவாகிவிடுவதால் ரத்தத்தில் அதன் அளவு குறையும். உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல்கள் இழுத்துக்கொள்வது, முற்றினால் வலிப்பு, எல்லாம் இதனால்தான். பொட்டாசியம் இதயத்தைத் தாக்கும். ரத்தத்தில் அது 3.5-லிருந்து 5-க்குள் இருக்க வேண்டும். 6-ஐத் தொட்டால் ஈசிஜி எடுத்தாக வேண்டும், ஏனென்றால் இதயத் துடிப்பின் தாளம் தப்பிவிடலாம். யூரிக் அமிலம் 8 மில்லிகிராம், பொட்டாசியம் 6 என்று டி.எல்.எஸ்.ஸுக்கு இன்று பரவலாகப் பயன்படுத்தும் அளவுகோல்கள் 2004-ல் கெய்ரோ, பிஷப் என்ற இருவர் வகுத்தவை. கீமோவுக்கு 3 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை என்று அவர்கள் காலத்தையும் வரையறுத்தார்கள். கீமோவுக்கு முன்பே ஏன் என்றால், வேகமாகப் பெருகும் அணுக்கள் வேகமாகச் சாகவும் செய்யும். மருந்து போடுவதற்கு முன்பே சிலருக்கு யூரிக் அமிலம் ஏறிக் கிடக்கும்.

எல்லோருக்கும் இது வருவதில்லை. வெள்ளை அணுக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டியவர்கள், அணுக்கள் உடையும்போது ரத்தத்தில் ஏறும் எல்.டி.எச். என்ற என்சைமின் அளவு மிக அதிகமாக இருப்பவர்கள், ஏற்கெனவே கிட்னி பலவீனமாக இருப்பவர்கள், இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். மெதுவாக வளரும் நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியாவில் இது அரிதாகத்தான் இருந்தது. பிறகு வெனிடோகிளாக்ஸ் மாத்திரை வந்தது. அணுக்களை அவ்வளவு வேகமாக அழித்ததால் ஆரம்ப ஆய்வுகளில் டி.எல்.எஸ்.ஸால் உயிரிழப்பே நேர்ந்தது. அதனால்தான் இப்போது அந்த மாத்திரையை முதல் வாரம் 20 மில்லிகிராம், அப்புறம் 50, 100, 200, ஐந்தாவது வாரம் 400 என்று படிப்படியாக ஏற்றுகிறார்கள். “முழு டோஸை உடனே கொடுத்தால் சீக்கிரம் குணமாகாதா?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இதைத் தடுப்பதில் முதல் மருந்து தண்ணீர். பொட்டாசியம் கலக்காத சலைனை, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 2 முதல் 3 லிட்டர் வரை ஏற்றுவார்கள். உள்ளே போவது அத்தனையும் வெளியே வர வேண்டும். கழிவறைக் கதவுக்குப் பின்னால் மில்லி அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதில் பிடித்து, அளவைப் பார்த்து, நேரத்தோடு தாளில் எழுதிவிட்டுக் கொட்ட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து 350 என்று எழுதும் அம்மாவோ அண்ணனோ, தான் ஒரு சில்லறை வேலை செய்வதாக நினைத்துக்கொள்ளலாம். அப்படி இல்லை. கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல மணி நேரம் முன்பே சிறுநீர் குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே டாக்டருக்குத் துப்புக் கொடுப்பது அந்தத் தாள்தான்.

அடுத்தது அலோபியூரினால். கீல்வாதத்துக்குக் கொடுக்கும் மாத்திரை என்றுதான் பலருக்கு இதைத் தெரியும். ஆனால் இது பிறந்ததே ரத்தப் புற்றுநோய்க்காக. கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இருவரும் மெர்காப்டோபியூரின் என்ற லுகேமியா மருந்தை உருவாக்கியவர்கள். அந்த மருந்தை உடம்பில் சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற என்சைம் சிதைத்துவிடுவதால், அதைத் தடுக்க ஒரு துணை மருந்து தேடினார்கள். அதுதான் அலோபியூரினால். யூரிக் அமிலத்தை உண்டாக்குவதும் அதே என்சைம்தான், அதனால் அதுவும் சேர்ந்து குறைந்தது. 1988-ல் இருவருக்கும் ஜேம்ஸ் பிளாக்குடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பழைய கதையில் இன்றைக்கும் பயன்படும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மெர்காப்டோபியூரின் சாப்பிடுபவருக்கு அலோபியூரினாலைச் சேர்த்துக் கொடுத்தால் முதல் மருந்து உடம்பில் தேங்கி நச்சாகிவிடும். சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் மெர்காப்டோபியூரினை ஏறக்குறைய கால் பங்காகக் குறைக்க வேண்டும். யூரிக் அமிலத்துக்கு என்று வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் புற்றுநோய் டாக்டரிடம் காட்டாமல் அந்த மாத்திரையைத் தொடங்கக் கூடாது.

அலோபியூரினால் புதிதாக யூரிக் அமிலம் உண்டாவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே இருப்பதைக் கரைக்காது. அதற்கு ராஸ்புரிகேஸ் என்ற ஊசி. பெரும்பாலான பாலூட்டிகளின் உடம்பில் யூரிக் அமிலத்தை மேலும் உடைக்கும் ஓர் என்சைம் உண்டு. மனிதர்களுக்குப் பரிணாமத்தில் அது தொலைந்துபோனது. அந்தக் குறையைத்தான் இந்த ஊசி நிரப்புகிறது. யூரிக் அமிலத்தை, எளிதில் கரையும் அலன்டாயினாக மாற்றிவிடும், சில மணி நேரத்திலேயே அளவு சரசரவென்று இறங்கும். ஆனால் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி-6-பி-டி என்ற என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கு இதைப் போடக் கூடாது. இந்த மாற்றத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிப்படும், அதைத் தாங்காமல் அவர்களின் சிவப்பணுக்கள் உடைந்துவிடும்.

இந்த ஊசி போட்ட பிறகு ரத்தம் எடுத்தால் குழாயை உடனே ஐஸில் வைத்து லேபுக்கு அனுப்புவார்கள். மருந்து குழாய்க்குள்ளும் தன் வேலையைத் தொடரும் என்பதே காரணம். சாதாரண வெப்பத்தில் வைத்தால் லேபுக்குப் போய்ச் சேர்வதற்குள் யூரிக் அமிலம் இன்னும் குறைந்து, ரிப்போர்ட் பொய்யாக நன்றாக இருக்கும். பொட்டாசியத்தில் இதற்கு நேர்மாறு. வெள்ளை அணுக்கள் மிக அதிகமாக இருப்பவரின் ரத்தம் குழாயில் குலுங்கினாலே நொய்ந்த புற்றணுக்கள் உடைந்து பொட்டாசியத்தைக் கக்கும். உடம்பில் 4 இருக்கும்போது ரிப்போர்ட்டில் 7 என்று வரலாம். ஈசிஜி இயல்பாக இருந்தால் டாக்டர் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார். “இப்போதுதானே எடுத்தார்கள்” என்று நமக்குக் கோபம் வரும் இடம் அது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். இல்லாத பொட்டாசியத்தைக் குறைக்கப்போய் நிஜமான அளவைப் பாதாளத்துக்குத் தள்ளிவிடாமல் இருக்கத்தான் அந்த இரண்டாவது ஊசி.

சரி, முதல் வாரம் தாண்டியாயிற்று. லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவில் அடுத்து ஸ்டீராய்டும் அஸ்பராஜினேஸும் சேர்ந்து ஓடும் வாரங்கள். என் கணக்கில் வீட்டார் அதிகம் குழம்புவது இங்கேதான், ஏனென்றால் இங்கே ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் சுகர், கல்லீரல், கணையம், ரத்த உறைவு என்று நான்கு பக்கமும் ஏதாவது கிளம்பும்.

அஸ்பராஜின் என்பது ஓர் அமினோ அமிலம். நம் சாதாரண அணுக்கள் அதைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். லிம்போபிளாஸ்ட்டுகளால் அது சரியாக முடியாது, ரத்தத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்தத்தில் உள்ளதை அஸ்பராஜினேஸ் அழித்துவிட்டால் அவை பட்டினி கிடந்து சாகும். கேட்க அழகான தந்திரம். ஆனால் கல்லீரலும் கணையமும் ராப்பகலாகப் புரதம் தயாரிக்கும் உறுப்புகள், அந்தத் தட்டுப்பாடு அவற்றையும் பாதிக்கிறது. கணையத்தில் இன்சுலின் குறையும். ஸ்டீராய்டு மறுபக்கம் இன்சுலினை வேலை செய்யவிடாது. இரண்டும் சேர்ந்தால், அதுவரை சர்க்கரை நோயே இல்லாத சின்னப் பையனுக்குக்கூட 300, 400 என்று சுகர் ஏறும். தற்காலிகமாக இன்சுலின் போடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு மருந்துகள் நின்றதும் அது இறங்கிவிடும்.

கணைய அழற்சி அதைவிடப் பயப்பட வேண்டியது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி, வாந்தி, நிமிர முடியாமல் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் அடையாளம். அஸ்பராஜினேஸ் போட்டுச் சில நாட்களிலோ இரண்டு வாரத்திலோ வரலாம். “காலையிலிருந்து சாப்பிடவில்லை, வாயுவாக இருக்கும்” என்று வீட்டில் தள்ளிப்போடுவது இந்த மாதத்தில் வேண்டாம். ரத்தத்தில் லைபேஸ், அமைலேஸ் என்ற கணைய என்சைம்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். கடுமையாக வந்தவருக்கு அந்த மருந்தை மறுபடி கொடுக்க மாட்டார்கள். இன்னொரு சிக்கல், ஸ்டீராய்டு வலியையும் காய்ச்சலையும் அமுக்கிவிடும். வயிற்றுக்குள் பெரிதாக ஏதோ நடந்துகொண்டிருக்கும், நோயாளி லேசாக வலிக்கிறது என்றுதான் சொல்வார். ஸ்டீராய்டு ஓடும்போது லேசான வலியையும் கனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கல்லீரல் பாதித்தால் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ரத்தத்தில் ஏறி, கண் மஞ்சளாகும். உடல் பருமன் உள்ளவர்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் இது அதிகம். ட்ரைகிளிசரைடு சிலருக்கு ஆயிரத்தைத் தாண்டும். அப்போது எடுத்த ரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்தால், மேலே தெளியும் நீர் வைக்கோல் நிறத்தில் இல்லாமல் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். லேபிலிருந்து “சாம்பிள் சரியில்லை” என்று போன் வருவதும் உண்டு. சாம்பிளில் தப்பில்லை, ரத்தத்தில் அவ்வளவு கொழுப்பு.

ரத்த உறைவு விஷயம்தான் விளங்குவதற்குக் கஷ்டமானது. பரிசோதனையில் ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் குறைவு, தட்டணுக்களும் குறைவு, ஆக ரத்தம் கசிய வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் உறையாமல் தடுக்கும் ஆன்டித்ராம்பின் போன்ற புரதங்களையும் கல்லீரல்தானே தயாரிக்கிறது? அவையும் குறைந்துவிடுவதால் ரத்தம் கண்ட இடத்தில் உறையலாம், குறிப்பாக மூளையின் சிரை நாளங்களில். விடாத தலைவலி, வாந்தி, திடீர் வலிப்பு, ஒரு கை பலமிழப்பது என்று எது வந்தாலும் அன்றைக்கே ஸ்கேன் பார்க்க வேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட்டை அதிக அளவில் கொடுக்கும் சுற்றுகளில் மறுபடி கிட்னிக்கு வேலை. இந்த மருந்தை வேண்டுமென்றே உடம்பு தாங்காத அளவுக்குக் கொடுத்துவிட்டு, 24 மணி நேரத்துக்குப் பிறகு, திட்டத்தைப் பொறுத்து 36 அல்லது 42-வது மணியில், லியூகோவோரின் என்ற மாற்று மருந்தால் சாதாரண அணுக்களைக் காப்பாற்றுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் கிட்னி மருந்தை வெளியேற்றியாக வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் அமிலத்தன்மை உள்ள சிறுநீரில் படிகமாகும், ஆகவே சோடியம் பைகார்பனேட் ஏற்றிச் சிறுநீரின் பி.எச். அளவை 7-க்கு மேல் வைப்பார்கள். முன்பு டி.எல்.எஸ்.ஸுக்கும் இதே பைகார்பனேட்டைத்தான் கொடுத்தார்கள். சிறுநீர் காரமானால் கால்சியம் பாஸ்பேட் அதிகம் படிகிறது என்று தெரிந்ததும் அங்கே அதை வழக்கமாகக் கொடுப்பதை விட்டுவிட்டார்கள். ஒரே மருந்து முதல் மாதம் கெடுதல், மூன்றாம் மாதம் கட்டாயம். முன்பு வேண்டாம் என்றதை இப்போது ஏன் ஏற்றுகிறார்கள் என்று குழம்புகிறவருக்கு இதுதான் விளக்கம்.

இந்த நாட்களில் வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரை டப்பாவைத் திறக்கவே கூடாது. சாதாரண வலி மாத்திரைகளான இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிடிட்டிக்குப் போடும் ஒமெப்ரசோல், பான்டோபிரசோல், சில ஆன்டிபயாடிக்குகள் எல்லாம் மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் கோத்திருந்தால் மருந்து அங்கே தங்கிக்கொண்டு மெல்லக் கசியும். கிட்னி நின்றுபோய் மருந்து தேங்கிவிட்டால், ரத்தத்திலேயே அதை உடைக்கும் குளுகார்பிடேஸ் என்ற என்சைம் ஊசி இருக்கிறது. 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலை மிக அதிகம், எல்லா இடத்திலும் கிடைப்பதும் இல்லை. ஆகவே தேங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாலான இடங்களில் நடைமுறை.

பொட்டாசியம் முதல் வாரம் ஏறிவிடக் கூடாதே என்று பயந்தோம். வெள்ளை அணுக்கள் இறங்கிக் கிடக்கும் வாரங்களில் அதே ஆளுக்குப் பொட்டாசியத்தை ஊசியில் ஏற்ற வேண்டிவரும். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் ஆம்போடெரிசின், பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் சிறுநீரில் வழிய விட்டுவிடும். ஸ்டீராய்டும் வயிற்றுப்போக்கும் தங்கள் பங்கைச் சேர்க்கும். மக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியத்தை மட்டும் எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து சோடியத்தைக் குறைக்கும். வோரிகோனசோல் போன்ற பூஞ்சை மருந்தோடு சேர்ந்தால் வின்கிரிஸ்டினின் நரம்புப் பாதிப்பு கடுமையாகும், மலச்சிக்கலில் தொடங்கிக் குடல் அசைவே நின்றுபோகலாம். இரண்டு நாள் மலம் போகவில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்.

எடை மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் தினமும் எடை பார்ப்பது எதற்கு என்று பலருக்குத் தெரியாது. சாப்பிடவே முடியாத ஒருவர் இரண்டு நாளில் இரண்டு, மூன்று கிலோ கூடினால் அது சதை இல்லை, தண்ணீர். புரோமைலோசைட்டிக் லுகேமியாவில் ஏட்ரா எனும் மாத்திரையோ ஆர்செனிக் ட்ரையாக்சைடோ எடுப்பவருக்கு எடை கூடி, காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தால் புற்றணுக்கள் மருந்தால் முதிரும்போது வரும் டிஃபரென்ஷியேஷன் சிண்ட்ரோம் என்று சந்தேகிப்பார்கள். உறுதியாகும் வரை காத்திராமல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கிவிடுவார்கள், ஏனென்றால் தாமதம் உயிரைக் குடிக்கும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பிறகோ, இனோட்டுசுமாப் போன்ற மருந்துக்குப் பிறகோ எடை கூடி, வலது விலாவுக்குக் கீழே வலியும் மஞ்சள் காமாலையும் சேர்ந்தால் கல்லீரலின் நுண்ணிய சிரைகள் அடைபட்டிருக்கலாம். டசாடினிப் என்ற லுகேமியா மாத்திரை சாப்பிடுபவருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கலாம். மூன்றையும் முதலில் காட்டிக்கொடுக்கக்கூடியது அந்த எடை மெஷின்.

கடைசியாக இதயம். இதன் காலண்டர் மாதங்களில் இல்லை, வருடங்களில் நீள்கிறது. டாவ்னோரூபிசின், டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்துகள் இரண்டும் செக்கச்செவேல் என்று இருக்கும், ஏற்றிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். அதில் பயமில்லை. இதயத் தசையில் இவை ஏற்படுத்தும் சேதம்தான் கவலை, அது மொத்த அளவைப் பொறுத்துக் கூடிக்கொண்டே போகும். எல்லாச் சுற்றுகளிலும் கொடுத்ததைக் கூட்டி, குழந்தைப் பருவத்தில் சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமை எட்டியவர்களை அதிக ஆபத்து உள்ளவர்களாக எண்ணிக் கண்காணிக்கிறார்கள். எக்கோ இன்று இயல்பாக இருப்பது பதினைந்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

ஆறு வயதில் சிகிச்சை முடித்த பெண் இருபத்தைந்து வயதில் கர்ப்பமாகி, வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போய் நிற்பாள். கர்ப்பம் இதயத்தின் சுமையைக் கூட்டும். அவளுக்கு எக்கோ எடுக்க வேண்டும் என்பது அந்த டாக்டருக்குத் தெரிய வேண்டுமானால், எந்த மருந்து, மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்று எழுதிய ஒரு தாள் அவள் கையில் இருக்க வேண்டும். சிகிச்சை முடியும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து அந்தக் கணக்கையும் கேட்டு வாங்கி, இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.